நடுச்சுவர் இல்லாத அடுக்களை

ஓடைச் சாமியிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது வேண்டும் என்றுதான் வருவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும், மனசுக்கு நிம்மதி வேண்டும். குழல்மொழி அன்றைக்கு வந்தது, தன்னிடம் இருக்கிற ஒன்று வேண்டாம் என்று சொல்ல.

தென்காசிக்கு வெளியே ஓடைக் கரையில் ஒரு ஓட்டு வீட்டில் சாமி இருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். குழல்மொழி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாக இருக்கிறவள். சாமி அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். இதில் யார் குரு, யார் சிஷ்யை என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். முழித்தால் முழிக்கட்டும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை தவறாமல் வருகிறவள் அன்று புதன்கிழமை மத்தியானமே வந்து நின்றாள். வெளியே சாரல். கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை. தலையெல்லாம் நனைந்திருந்தது.

"என்னக்கா, குடை ரிப்பேரா?"

"இல்ல சாமி. விரிக்க மறந்துட்டேன்."

"கையில வச்சுக்கிட்டேவா?"

அவள் உட்கார்ந்தாள். சாமி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். தலையைத் துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாமி, எனக்குப் பயமா இருக்கு. அது போகணும். மந்திரம் சொல்லுங்க. திருநீறு குடுங்க. கயிறு கட்டணும்னாலும் கட்டிக்கிடுதேன்."

"எதைப் பாத்துப் பயம்?"

"சும்மாத்தான்."

"சும்மா வாற பயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல. சரி, அதை விடுங்க. புது அடுக்களை எப்படி இருக்கு? இங்க வாறவங்க எல்லாம் அதைத்தான் பேசுதாங்க. மேடைக்குக் கருப்புக் கல்லாமே."

அடுக்களை என்றதும் அவள் துண்டை இறுக்கிப் பிடித்தாள். சாமி அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார்.

"கிரானைட் சாமி."

"குவார்ட்ஸ்னு ஒண்ணு சொல்லுதாங்களே. அது ஏன் போடல?"

"அதுல வெள்ளைதான் நல்லா இருந்துது. மஞ்சள் பட்டா கறை போகாதுன்னாங்க. நம்ம அடுக்களையில மஞ்சள் படாத நாள் உண்டா?"

"அது சரி. கதவு?"

"பிளைவுட். தண்ணியில ஊறாத ரகம். மேல அக்ரிலிக் ஒட்டியிருக்கு. முகம் தெரியும். இழுப்பறையைத் தள்ளிவிட்டா தானா மெல்லமா மூடிக்கிடும்."

"டொப்புன்னு சத்தம் வராதா?"

"வராது."

"இது நல்லா இருக்கே."

சாமிக்கு இந்த மாதிரி சமாச்சாரங்களில் ஆசை உண்டு. சாமியாராகப் போய்விட்டால் இழுப்பறையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சிம்னி எந்தப் பக்கம், தொட்டி எவ்வளவு ஆழம், தேங்காய் துருவ உட்கார்ந்த இடம் என்ன ஆச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். பலமுறை சொல்லிப் பழகின பேச்சு, வாய் தானாகச் சொன்னது.

"அடுப்புக்கு எதிர்ல என்ன?"

பேச்சு நின்றுபோனது.

"சுவர் இருந்துது சாமி. எடுத்தாச்சு."

"ஏன்?"

"முப்பது வருஷமா அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டேதான் சமைச்சேன். அந்தப் பக்கம் கூடத்துல எல்லாரும் பேசிச் சிரிப்பாங்க. என்னத்துக்குச் சிரிக்காங்கன்னு எனக்குத் தெரியாது. கரண்டியோட ஓடிப்போய்க் கேட்டா, ஒண்ணுமில்ல, நீ போய் தோசையைப் பாருன்னு சொல்லுவாங்க. வீட்டுல யாரும் இல்லாமப் போன பிறகும் அந்தச் சுவரைக் கண்டா எனக்கு ஆத்திரமா வரும். அது ஒழியணும்னு அவ்வளவு ஆசை."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"நியாயமான ஆசைதான். எடுத்த பிறகு என்ன?"

அவள் மென்று முழுங்கிச் சொன்னதை அப்படியே சொன்னால் பொழுது போய்விடும். அந்தக் குடியிருப்பின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செண்பகா குடியிருப்பு பழைய கட்டிடம். கீழே ஒரு வீடு, அதற்கு நேர் மேலே அதே அச்சில் ஒரு வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. இப்படி வரிசையாக நிற்கும். அங்கே யாராவது அடுக்களையைப் புதுப்பித்தால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அடுக்களை பார்க்க வருவார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான். பட்டுப்புடவை உண்டு, பூ உண்டு, கேசரி பஜ்ஜி உண்டு. புது அடுப்பில் பால் காய்ச்சுவார்கள். வீட்டுக்காரி மேடைப் பக்கத்தில் நின்று, இந்தக் கல்லை ஏன் எடுத்தேன், அந்தக் கதவு ஏன் வேண்டாம் என்றேன் என்று விளக்கம் சொல்ல வேண்டும். கூட்டம் கேள்வி கேட்கும், சாணால் அளக்கும், போட்டோ எடுக்கும். அப்புறம் ஊர்ப்பட்ட வீடுகளில் அதே கல்லும் அதே கதவும் வரும். ஒருத்தி வாங்கிய தொட்டி ஒழுகியது. அது தெரிய வருவதற்குள் இன்னும் ரெண்டு பேர் அதே தொட்டியை வாங்கி ஒழுகவிட்டிருந்தார்கள். கேட்க வேண்டியதை முதல் ஆள் கேட்டிருப்பாள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அங்கே அது பெரிய தலைவலி.

சுவரை இடிக்க வந்த கொத்தனார், "மேல வீடு இருக்கு, தொட்டி இருக்கு, ஒரு எஞ்சினியர்ட்ட காட்டிட்டியன்னா எனக்கும் நிம்மதி" என்று சொன்னார். எஞ்சினியர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். அலமாரி மாட்டுகிறவர்கள் வருகிற நாள் நெருங்கிவிட்டது. குழல்மொழி, "காட்டியாச்சு, இடிங்க" என்று சொல்லிவிட்டாள். கொத்தனாரும் இடித்துவிட்டார்.

அடுக்களை பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடுச்சுவர் இல்லாமல் அடுக்களையும் கூடமும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை. மேல் வீட்டு ஜெசிந்தாதான் கேட்டாள்.

"அக்கா, சுவரை எடுத்தா ஒண்ணும் செய்யாதா? எஞ்சினியர் பாத்தாரா?"

கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் குழல்மொழியின் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாருடைய சிரிப்புக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தாரே. தாராளமா எடுக்கலாம்னுட்டாரு. கேசரி எடுத்துக்கோ."

அவ்வளவுதான் நடந்தது.

"எஞ்சினியர் பாக்கலையா?" என்று சாமி கேட்டார்.

"இல்ல."

"வேற யாராவது?"

"யாருமே பாக்கல சாமி."

ஓட்டின் மேல் சாரல் சடசடத்தது.

"கொஞ்ச நாள் கழிச்சு, காலையில எந்திச்சுப் பாத்தா கருப்புக் கல்லு மேல மணல். வெள்ளையா, நீளமா, கோடு போட்ட மாதிரி கிடக்கு. துடைச்சுட்டேன். மறுநாளும் கிடக்கு. அண்ணாந்து பாத்தா மேல ஒரு விரிசல். அப்ப மயிரிழைதான் இருந்துது. இப்ப நகம் போகுது. மேல தொட்டி நிறையிற நேரம் எங்கயோ கரகரன்னு ஒரு சத்தம் வரும். மோட்டார் போட்டா காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"யார்ட்டயாவது சொன்னியளா?"

"உங்ககிட்டதான் சொல்லுதேன்."

"அது மட்டும்தானா, இன்னும் இருக்கா?"

அவள் துண்டைப் பிழிந்தாள். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலையில ஜெசிந்தா வீட்டுச் சுவரை இடிக்காங்க. என் வீட்டுச் சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேல நிக்கிற சுவர். என் அடுக்களையைப் பாத்துட்டுத்தான் அவளும் செய்யுதா. அதுவும் போயிட்டுன்னா தொட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல சாமி."

சாமி எழுந்து சட்டையை மாட்டினார்.

"வாங்க, உங்க அடுக்களையைப் பாக்கணும்."

"பயத்துக்கு ஏதாவது…"

"அதை அங்க வச்சுப் பாத்துக்கிடலாம்."

ஆட்டோவில் போகிற வழி முழுக்க ஆட்டோக்காரர் சாரலைத் திட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சாமி வாசலிலேயே நின்றுவிட்டார். முன்னறையில் கால் வைக்க இடம் இல்லை. கட்டில் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு கரண்ட் அடுப்பு, அதன் மேல் ரசச் சட்டி. ஜன்னல் திண்டில் உப்பு, புளி, மிளகாய் டப்பா எல்லாம் அடுக்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"இங்கதான் சாமி இப்ப சமைக்கேன்."

"புது அடுக்களை?"

"துடைச்சு வைக்கதோட சரி. யாராவது பாக்க வந்தா இந்த அடுப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவேன்."

"கட்டில் முந்தி எங்க கிடந்துது?"

"கூடத்துல. அங்க படுக்கப் பயமா இருந்துது. நானே இழுத்து இங்க போட்டுக்கிட்டேன்."

சாமி கூடத்தைத் தாண்டி அடுக்களைக்குள் போனார். ஒரு இழுப்பறையை இழுத்துத் தள்ளினார். அது தயங்கித் தயங்கிப் போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவருக்கு முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தார். கல்லைத் தடவினார். தடவின கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் மணல் ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார். நடுச்சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும் விரிசல் ஓடியது. ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

சாமி விறுவிறுவென்று முன்னறைக்குத் திரும்பி வந்தார்.

"என்ன சாமி, வந்துட்டிய?"

"எனக்கும் பயமா இருக்குக்கா. இங்கயே நின்னு பேசுவோம்."

"உங்களுக்குமா?"

"விழுற கூரைக்கு நான் சாமின்னு தெரியாதுல்லா."

சாமி வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒன்றுமில்லை, மனப்பிராந்தி என்று சொல்லிவிடுவார் என்று குழல்மொழிக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அது போய்விட்டது.

"கட்டிடத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா சாமி? இது விழுமா?"

"எனக்கு என்ன தெரியும். விழலாம், விழாமலும் இருக்கலாம். தெரிஞ்ச ஆள்ட்ட கேக்கணும்."

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழல்மொழி பரபரவென்று ரசச் சட்டியை இறக்கிவிட்டு அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவசரத்தில் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். ஜெசிந்தா கையில் அளவு டேப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இருக்கியளா? யாரு, சாமியா, வணக்கம் சாமி. உக்காருங்க, நான் உடனே போயிருவேன். அக்கா, உங்க மேடையில ஓரத்தை உருட்டி வச்சிருக்கியளே, அதுக்குக் கடையில என்ன பேரு சொல்லணும்?"

"ஃபுல் ரவுண்டுன்னு சொல்லு," என்றாள் குழல்மொழி. "வெறுமனே ரவுண்டுன்னா மேல மட்டும் உருட்டிக் குடுத்துருவாங்க. கீழயும் உருட்டச் சொல்லணும். இல்லன்னா குனியும்போது இடுப்புல குத்தும். பாலிஷ் ரெண்டு தடவை போடச் சொல்லு."

"பாத்தியளா, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்." ஜெசிந்தா போனில் குறித்துக்கொண்டாள். "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் கொத்தனார் வந்துருவார். சத்தமா இருக்கும், கோவிச்சுக்கிடாதீங்க. எங்க வீட்டுக்காரங்க நேத்து ராத்திரி கேட்டாங்க, நாமளும் ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுவமான்னு. நான்தான் சொன்னேன், கீழ அக்கா வீட்டுல பாத்தாச்சு, ஒரே சுவர்தானே, அதையே ரெண்டு தடவை பாக்கணுமான்னு. சரிதானக்கா?"

குழல்மொழி சாமியைப் பார்த்தாள். சாமி ஜன்னல் திண்டில் இருந்த மிளகாய் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதானக்கா?"

"ம்."

"அப்ப சரி. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்துரும், நான் போறேன். சாமி, ஒருநாள் எங்க அடுக்களையும் வந்து பாக்கணும்."

செருப்புச் சத்தம் படியேறிப் போனது.

குழல்மொழி இடித்த விரலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நல்ல பொண்ணா இருக்கா," என்றார் சாமி.

"தங்கமான பொண்ணு. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்ப மூணு நேரமும் கஞ்சி கொண்டாந்து குடுத்தா."

"ஓரத்தை உருட்டுறதுக்கு அவ்வளவு சொன்னிய. இதுக்கு ம்முனு சொல்லிட்டிய."

"வாய் வரல சாமி. தொண்டை வரைக்கும் வந்துது. பிறகு உள்ள போயிட்டு." அழ ஆரம்பித்தாள். "இந்தப் பயம்தான் என்னை ஒண்ணும் செய்ய விட மாட்டேங்குது. தூங்க முடியல. சாப்பிட முடியல. மேல ஒரு பாத்திரம் விழுந்தா உயிர் போயிட்டு வருது. இதை எடுத்துருங்க சாமி. உங்களால முடியும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"பயம் மட்டும் போனாப் போதுமா?"

"போதும்."

"விரிசல் இருக்கட்டுமா?"

"நான் அதைக் கேக்கல. பயம் போகட்டும்."

"சரி. எடுத்துருதேன்."

அவர் இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாமி மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பாயை எடுத்தார். கட்டிலில் இருந்த தலையணையை எடுத்தார். வேகமாக எட்டு வைத்துப் போய், அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில், விரிசலுக்கு நேர் கீழே பாயை விரித்துத் தலையணையைப் போட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவள் உச்சந்தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"போயிட்டு."

"போயிட்டா சாமி?"

"போயிட்டு. போய் அங்க படுங்க. ரொம்ப நாளாத் தூங்கலைன்னியளே."

"அங்கயா?"

"பயம் போன பிறகு எங்க படுத்தா என்ன?"

சாமி சொல்லை அவள் தட்டினது கிடையாது. எழுந்தாள். முன்னறையைத் தாண்டினாள். கூடத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் நின்று நின்று போனாள். பாய் பக்கத்தில் போய்த் திரும்பிப் பார்த்தாள். சாமி நிலைப்படியில் நின்று தலையை ஆட்டினார். அவருடைய கையும் நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது.

பாயில் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்க்கவில்லை. மெதுவாகச் சாய்ந்து தலையணையில் தலையை வைத்தாள். கண்ணை மூடினாள்.

மேலே கதவு திறந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தொப்பென்று ஒரு பை விழுந்தது. இன்னொரு பை விழுந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஓடினார்கள். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. ஒருத்தி எதன் மேலிருந்தோ குதித்தாள்.

கரகரவென்றது. மோட்டார் போடாமலே கரகரவென்றது.

குழல்மொழியின் நெற்றியில் மணல் கொட்டியது. கண்ணிமையில், உதட்டில் கொட்டியது. வாயில் சுண்ணாம்பு ருசி தட்டியது. அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சேலை காலில் தட்டி முட்டி இடித்தது. தவழ்ந்து, எழுந்து, ஓடி வந்து நிலைப்படியைத் தாண்டி முன்னறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பல் கிட்டித்தது.

மேலே பிள்ளைகள் ஓடிக்கொண்டேயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா ஏதோ அதட்டினாள். அடங்கியது.

தலையணை மேல் பூச்சுத் துண்டு ஒன்று கிடந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏன் எந்திச்சு ஓடி வந்திய?"

"பயம் சாமி."

"அதான் எடுத்துட்டேன்னு சொன்னேனே."

"போகல."

"நல்ல வேளை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சாமியின் முகத்தில் வேர்த்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மேல பிள்ளைகள் எங்க படுக்கும்?"

"நாளைக்கு இடிக்காங்களே, அந்தச் சுவரை ஒட்டித்தான். ரெண்டும் பாய் போட்டுப் படுக்கும். ஃபேன் அங்கதான் இருக்கு."

"அதுகளுக்குப் பயம் இருக்கா?"

"அதுகளுக்கு எப்படி இருக்கும்? பாத்தியள்லா, எப்படிக் குதிக்குதுன்னு."

"ஜெசிந்தாவுக்கு?"

"இல்ல."

"அவ வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குக் கொஞ்சம் இருந்திருக்கு. எஞ்சினியரைக் கூப்பிடுவமான்னு கேட்டிருக்காரே."

"இப்ப?"

"இப்ப இருக்காது."

"அது எங்க போச்சு?"

குழல்மொழி முந்தானையை எடுத்து நெற்றி மணலைத் துடைத்தாள். துடைத்த மணலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"நான்தான் சாமி எடுத்துட்டேன்," என்றாள்.

சாமி வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாரலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்தாள். மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது. முதல் படியில் கால் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"சாமி."

"சொல்லுங்கக்கா."

"இதைச் சொன்னா இந்தக் குடியிருப்பே என்னைக் காறித் துப்பும். எஞ்சினியர் சொன்னார்னு எல்லார் முன்னாலயும் சொன்னவ நான். இனி ஒருத்தி என் வீட்டு வாசல் மிதிக்க மாட்டா. தண்ணி பிடிக்கப் போனா ஏசுவாங்க. கோயிலுக்குப் போனா ஏசுவாங்க. இந்த ஜெசிந்தாவே முதல் ஆளா நின்னு ஏசுவா. அவ பிள்ளைகள் வளந்து அதுகளும் ஏசும்."

மேலே பிள்ளைகள் மறுபடியும் ஓட ஆரம்பித்தார்கள்.

"ஏசட்டும்க்கா," என்றார் சாமி. "ஏசுததுக்கு எல்லாரும் இருப்பாங்கல்லா."